கார் கொண்டு வரலாமா என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு சிங்கப்பூரிலிருந்து மாமா மகன் கூப்பிட்டான். அங்கே மணி ஒன்று. அந்த நேரத்தில் போன் வந்தால் யாருக்கு என்னவோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளுமா இல்லையா? எடுத்தால், “மச்சான், தைக்கு ஊருக்கே வந்துடுறோம். வண்டியையும் கொண்டாந்துடலாம்னு இருக்கேன். கப்பல்ல போட எவ்வளவு ஆகும்?” என்கிறான்.

எல்லோரும் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். பதில் சொல்ல சுலபமான கேள்வியும் இதுதான், ஏனென்றால் ஆகப்போகிற மொத்தச் செலவில் கப்பல் வாடகை சாம்பாருக்குப் போட்ட பெருங்காயம் மாதிரி. நான் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே கஸ்டம்ஸில் சரக்கை விடுவித்துத் தருகிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். அந்த வேலையை விட்டு நாளாகிவிட்டது. ஆனால் மன்னார்குடி, கூத்தாநல்லூர் பக்கம் உள்ள சொந்தபந்தத்தில் பாதிப்பேர் கடல் கடந்து இருப்பதால், வருஷத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியோடு வந்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மணி நேரம் விளக்கி வாய் வலிக்கிறது. இனிமேல் கேட்பவர்களுக்கு இதை அனுப்பிவிடப் போகிறேன்.

முதலில் வளைகுடாக்காரர்களின் கதையை முடித்துவிடுவோம். துபாய், ஷார்ஜா, தோஹா, ரியாத், எதுவாக இருந்தாலும் சரி, அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். பழைய கார் இந்தியாவுக்குள் வர வேண்டுமென்றால் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். முடிந்தது. ஷார்ஜாவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், “மாத்திக்கலாம்ல தம்பி, நம்மூர் மெக்கானிக்குக்குத் தெரியாத வேலையா?” என்று கேட்டார். நம்மூர் மெக்கானிக் ஸ்டியரிங்கை டிக்கியில்கூட வைத்துக் கொடுப்பார், ஆனால் அவர் கைக்கு வருவதற்கு முன்பே வண்டி கஸ்டம்ஸில் நின்றுவிடும். 

“அப்புறம் எப்படிக் கேரளாவில் துபாய் நம்பர் பிளேட்டோடு கார் ஓடுது?” என்று அடுத்த கேள்வி வரும். அது கார்னே. வெளிநாட்டுப் பதிவுள்ள காரை வரி கட்டாமல் கொஞ்ச காலத்துக்கு மட்டும் உள்ளே கொண்டுவந்து, திரும்பவும் வெளியே கொண்டுபோய்விடுகிறேன் என்று ஜாமீன் கட்டி வாங்குகிற ஒரு புத்தகம். காரின் பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொடுப்பது அந்தந்த நாட்டு ஆட்டோமொபைல் சங்கம். இங்கே வழக்கமாக ஆறு மாதம், அதற்குள் வண்டி கிளம்பிவிட வேண்டும். இங்கே விற்கவும் முடியாது. கிளம்பாவிட்டால் வரி மொத்தமும் அந்த ஜாமீன் கொடுத்தவர்கள் தலையில், அங்கிருந்து உங்கள் தலையில். ஊரைச் சுற்றிக் காட்டி நாலு போட்டோ எடுத்துக்கொள்ள நல்ல ஏற்பாடு. குடிவருகிறவர்களுக்கு இது பயன்படாது.

ஆக மிஞ்சுவது வலப்பக்க ஸ்டியரிங் நாடுகள். சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து, ஜப்பான், ஆஸ்திரேலியா. என் மச்சான் அந்த வகையில் ஒரு கட்டம் தாண்டிவிட்டான். அவனுடையது ஜப்பான் ஹைப்ரிட், வாங்கி ஒன்றே முக்கால் வருஷம்.

அடுத்த கட்டம் வயது. தயாரித்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் இருக்க வேண்டும். தயாரித்த நாள் என்றால் தயாரித்த நாள்தான். நீங்கள் வாங்கிய நாளும் இல்லை, அங்கே பதிவு செய்த நாளும் இல்லை. இதில் நிறையப் பேர் வழுக்கி விழுவார்கள். ஃபேக்டரியை விட்டு வந்து, கப்பலேறி, ஏதோ ஒரு யார்டில் எட்டு மாதம் வெயிலில் கிடந்த வண்டியை நீங்கள் புதுசு என்று மாலை போட்டு எடுத்திருப்பீர்கள். வாங்கி இரண்டரை வருஷம்தான் ஆகிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது சேஸிஸ் நம்பர் மூன்றைத் தாண்டிவிட்டது என்று சொல்லும்.

மற்றவை சின்னச் சின்ன விதிகள் மாதிரித் தெரியும். ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டரில் காட்ட வேண்டும் (இங்கிலாந்துக்காரர்கள் கவனிக்க). ஹெட்லைட் வெளிச்சம் இடப்பக்கம் ஓட்டும் சாலைக்கு ஏற்றபடி விழ வேண்டும். இறக்குமதியாகி இன்னும் ஐந்து வருஷமாவது சாலையில் ஓடத் தகுதி இருக்க வேண்டும், அதற்கு சர்வீஸ் வசதியும் இருக்கிறது என்று உறுதி கொடுக்க வேண்டும். கப்பலேற்றுவதற்கு முன்பே, அந்த நாட்டில், அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்திடம் வண்டியைக் காட்டி இதெல்லாம் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். இங்கே வந்ததும் மறுபடியும் ஒரு சோதனை, அதற்கான இடங்கள் புனேயிலும் அகமத்நகரிலும் (இப்போது அகில்யாநகர்) மத்தியப் பிரதேசத்து புத்னியிலும் இருக்கின்றன. சென்னைக்காரன் காருக்கு மகாராஷ்டிரா யாத்திரை.

யாத்திரை ஏனென்றால், பழைய கார் இறங்க அனுமதி உள்ள துறைமுகம் நாடு முழுவதிலும் ஒன்றே ஒன்று, மும்பை. புதுக் கார் என்றால் சென்னை, எண்ணூர், கொச்சி என்று இறக்கிக்கொள்ளலாம். பழையதற்கு மும்பை மட்டும்தான். ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால், இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் செய்த கார்கள் ஆப்பிரிக்காவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் போவதற்காகச் சாரை சாரையாகக் கப்பல் வயிற்றுக்குள் நுழைந்துகொண்டிருக்கும். அதே ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, சிங்கப்பூரிலிருந்து வருகிற ஒரு பழைய காருக்காக நான் மும்பைக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பேன்.

அந்தச் சான்றிதழ் விஷயத்தில் ஒரு டாக்டரின் கதை சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், பெயர் வேண்டாம். அங்கே ஒரு ஷிப்பிங் ஏஜென்ட், “எல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்” என்று காரை கன்டெய்னரில் ஏற்றிவிட்டான். அவன் பார்த்துக்கொண்டது கன்டெய்னரை மட்டும்தான். முன்சோதனைச் சான்றிதழ் எடுக்கவே இல்லை. வண்டி மும்பை வந்து சேர்ந்த பிறகுதான் டாக்டர் எங்கள் ஆபீசுக்கு வந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், அதில் கார் கழுவிய ரசீதுகூட இருந்தது. தேவையான ஒரு தாள் மட்டும் இல்லை. சான்றிதழைப் பின்தேதியிட்டு வாங்க முடியாது, வண்டிதான் கடலைத் தாண்டி வந்துவிட்டதே. துறைமுகத்தில் இலவசமாக வைத்துக்கொள்ளும் நாட்கள் முடிந்ததும் டெமரேஜ், அதாவது இடத்துக்கான தாமதக் கட்டணம், ஓட ஆரம்பித்தது. ஆட்டோ மீட்டர் மாதிரி, நாம் இறங்கி டீ குடித்தாலும் அது நிற்காது. நாலு மாதம் மனு, விசாரணை, மறுபடி மனு. கடைசியில் அபராதம் கட்டி, வந்த வழியே திருப்பி அனுப்ப அனுமதி கிடைத்தது. அந்தக் காரை அவர் இந்திய மண்ணில் ஒரு அடிகூட ஓட்டவில்லை. கடைசி நாள் கையெழுத்துப் போட வந்தபோது, “அந்த ஊர்லயே யாருக்காவது சும்மா குடுத்திருக்கலாம்” என்றார். உண்மைதான், சும்மா கொடுத்திருந்தால் செலவு மிச்சம்.

சரி, எல்லாக் கட்டத்தையும் தாண்டிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது வரி. பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

வரி போட முதலில் காருக்கு ஒரு மதிப்பு வேண்டும். நீங்கள் பழைய காராகக் கொடுத்த விலை, நண்பன் தள்ளுபடியில் கொடுத்த விலை, இதையெல்லாம் கஸ்டம்ஸ் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. புதிதாக இருந்தபோது கம்பெனி விலை என்ன என்று பார்த்து, அதிலிருந்து தேய்மானம் கழிப்பார்கள். முதல் வருஷம் ஒவ்வொரு காலாண்டுக்கும் 4 சதவீதம், இரண்டாம் வருஷம் 3 சதவீதம், மூன்றாம் வருஷம் இரண்டரை. மச்சான் காருக்கு ஏழு காலாண்டு, ஆகவே 16-உம் 9-உம் சேர்ந்து 25 சதவீதம் கழியும். கணக்குக்காகக் கம்பெனி விலை 25 லட்சம் என்று வைத்தால் மிஞ்சுவது 18 லட்சத்து 75 ஆயிரம். கப்பல் வாடகை, காப்பீடு எல்லாம் சேர்த்து 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இடத்தில் சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. அங்கே கார் விலையில் பாதிக்கு மேல் காரே கிடையாது. பத்து வருஷம் கார் வைத்துக்கொள்வதற்கான உரிமைச் சீட்டு, சி.ஓ.இ., ஏலத்தில் எடுக்க வேண்டும், 2025இல் அது மட்டுமே ஒரு லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டி நின்றது. அதற்கு மேல் பதிவுக் கட்டணம் வேறு. வண்டியை அங்கே பதிவு நீக்கினால் மிச்சமுள்ள காலத்துக்கு சி.ஓ.இ. பணமும், பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கும் திரும்பக் கிடைக்கும். இதைப் பேப்பர் வேல்யூ என்பார்கள். அது போக மிஞ்சுகிற தகரம், இரும்பு, சீட்டு எல்லாம் சேர்ந்தது பாடி வேல்யூ. அவ்வளவு வெள்ளி கொடுத்து வாங்கிய வண்டியின் பாடிக்கு எக்ஸ்போர்ட் வியாபாரி அற்ப விலை சொல்லும்போதுதான் எல்லோருக்கும் அந்த யோசனை உதிக்கிறது. பேப்பர் பணத்தை இங்கே வாங்கிக்கொள்வோம், பாடியை ஊருக்கு அனுப்பிவிடுவோம், ஓசியில் கார் கிடைத்த மாதிரி. என் மச்சானும் அப்படித்தான் யோசித்திருக்கிறான். கெட்டிக்காரத்தனமான யோசனைதான், இந்தியக் கஸ்டம்ஸ் என்று ஒன்று இல்லாமலிருந்தால்.

பழைய காருக்கு 2025 பட்ஜெட்டுக்கு முன்புவரை அடிப்படைச் சுங்கவரி 125 சதவீதம், அதன் மேல் சமூகநலக் கூடுதல் வரி பன்னிரண்டரை. பட்ஜெட்டில் அடிப்படை வரியை 70 ஆகக் குறைத்தார்கள். உடனே வாட்ஸப்பில், வெளிநாட்டுக் கார் வரி பாதியாகக் குறைந்தது என்று ஒரு செய்தி சுற்றியது, எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். குறைத்த கையோடு வேளாண் கட்டமைப்பு வளர்ச்சி வரி என்று ஒரு 67.5 சதவீதத்தைச் சேர்த்தது அந்தச் செய்தியில் இல்லை. கூட்டிப் பாருங்கள். முன்பும் 137.5, இப்போதும் 137.5. சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு புதுச் சட்டை என்றார்கள்.

20 லட்சத்துக்கு 137.5 சதவீதம் என்றால் 27 லட்சத்து 50 ஆயிரம். இப்போது கார் 47 லட்சத்து 50 ஆயிரம். இதன் மேல் ஜி.எஸ்.டி. வரிக்கு மேல் வரி, ஆமாம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40 சதவீதம், நாலு மீட்டருக்குள் அடங்குகிற சின்ன எஞ்சின் கார் என்றால் 18. மச்சானுடையது பெரிசு. 47.5 லட்சத்துக்கு 40 சதவீதம் 19 லட்சம். ஆக 66 லட்சத்து 50 ஆயிரம் ஆனபின் வண்டி துறைமுகக் கேட்டைத் தாண்டும்.

தாண்டியதும் நம் மாநில அரசு காத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேல் மதிப்புள்ள காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். பழைய கார் என்பதால் கொஞ்சம் முன்பின் ஆகலாம், ஆனால் சுங்கவரியும் சேர்ந்த மதிப்பின் மேல்தான் கணக்கு. 66.5 லட்சத்துக்கு 20 சதவீதம் 13 லட்சத்து 30 ஆயிரம். மொத்தம் 79 லட்சத்து 80 ஆயிரம். மும்பை ஏஜென்ட் கட்டணம், சோதனைக் கட்டணம், அங்கிருந்து லாரியில் மன்னார்குடி வரை வாடகை, இதெல்லாம் நான் சேர்க்கவே இல்லை.

20 லட்சத்து வண்டி, 80 லட்சம். அந்தப் பணத்தில் பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியில் செய்கிற ஹைப்ரிட் இன்னோவா, புத்தம் புதுசாக, வாரண்டியோடு, இரண்டு வாங்கலாம்.

“வீட்டுச் சாமானுக்குச் சலுகை இருக்கே மச்சான்?” என்றான். இருக்கிறது. பல வருஷம் வெளியே இருந்துவிட்டுக் குடித்தனத்தை மாற்றி வருகிறவர்கள் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ கொண்டுவரச் சலுகை உண்டு. காருக்கு அதில் இடமில்லை. காருக்கு முழு வரி.

ஏன் இப்படி என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. 2001 ஏப்ரல் 1 வரைக்கும் வெளிநாட்டுச் சாமான்கள் பலவற்றை இஷ்டத்துக்கு இறக்குமதி செய்யவே முடியாது, லைசென்ஸ் வேண்டும். உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போய்த் தோற்றதால் அந்தக் கட்டுப்பாடுகளை எடுக்க வேண்டி வந்தது. ஜப்பானிலிருந்து பழைய கார்கள் கப்பல் கப்பலாக வந்து குவிந்தால் மாருதிக்கும் ஹூண்டாய்க்கும் என்ன ஆகும் என்ற பயத்தில்தான் தடைக்குப் பதிலாக இந்த வேலியைப் போட்டார்கள். வராதே என்று சொல்லவில்லை, வா என்றே எழுதியிருக்கிறார்கள், ஆனால் வாசலில் ஒன்பது பூட்டு. இலங்கையில் பாருங்கள், கார் ஃபேக்டரி என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆகவே அங்கே யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் கார் வாங்குவதென்றால் அது பெரும்பாலும் ஜப்பானில் ஓடிய வண்டிதான். டாலர் இல்லாமல் 2020இல் நிறுத்திய இறக்குமதியை 2025 பிப்ரவரியில் மறுபடி திறந்தபோது அது அந்த நாட்டுக்கே பெரிய செய்தியாக இருந்தது. வரி அங்கேயும் கொள்ளைதான். ஆனால் அங்கே வேறு வழியில்லை என்பதால் கட்டுகிறார்கள். இங்கே ஃபேக்டரி இருக்கிறது, வேலை இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என் தம்பியே அதில்தான் சம்பளம் வாங்குகிறான். ஆகவே இந்த வேலி மேல் எனக்குப் பெரிய கோபம் கிடையாது. கோபமெல்லாம் அந்த மும்பை விதி மேல்தான். சென்னையில் இறக்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?

நாலு மடங்கு விலை என்றால் நடுவில் ஒருவன் பணம் பார்க்காமல் இருப்பானா? 2013 மார்ச்சில் வரி ஏய்த்துக் கொண்டுவந்த வெளிநாட்டுக் கார்களைத் தேடி சி.பி.ஐ. சென்னையில் சோதனை போட்டது பலருக்கு நினைவிருக்கும். தி.மு.க. மத்திய அரசுக்கான ஆதரவை விலக்கி இரண்டே நாள் ஆகியிருந்ததால் அது முழுக்க அரசியல் செய்தியாகிவிட்டது, கார் எப்படி உள்ளே வந்தது என்பதை யாரும் பேசவில்லை. 2025 செப்டம்பரில் கேரளாவில் கஸ்டம்ஸ் நடத்திய சோதனைக்கு ‘நும்கோர்’ என்று பெயர், பூடான் மொழியில் வண்டி என்று அர்த்தம். பூடானில் ஏலம் விட்ட பழைய வண்டிகளை எல்லை தாண்டிக் கொண்டுவந்து, போலிக் காகிதம் வைத்து வடக்கே ஏதோ ஒரு மாநிலத்தில் பதிவு செய்து, அப்புறம் தெற்கே விற்றிருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. நடிகர்கள் வீட்டு வாசல் வரை போய் வண்டிகளைக் கைப்பற்றினார்கள்.

சென்னையில் செகண்ட் ஹேண்டில் ஒரு லேண்ட் குரூசரோ வேறு ஏதாவது வெளிநாட்டு வண்டியோ சல்லிசாக வருகிறது என்று யாராவது சொன்னால், ஆர்.சி. புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதியின்போது கஸ்டம்ஸில் தாக்கல் செய்த தாள், கேளுங்கள், வரி கட்டிய சலான் கேளுங்கள், அதிலுள்ள சேஸிஸ் நம்பரை டார்ச் அடித்து வண்டியில் பொறித்த நம்பரோடு நீங்களே ஒத்துப் பாருங்கள். “அதெல்லாம் பழைய ஓனர்கிட்ட இருக்கு சார்” என்று பதில் வந்தால் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். வண்டி பறிமுதலானால் போவது கடைசியாக வாங்கியவன் பணம்தான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, வின்டேஜ் பைத்தியங்கள். செல்லமாகத்தான் சொல்கிறேன், நானும் அதில் பாதி. பழைய கார் என்றால் மூன்று வருஷம், ஆனால் ரொம்ப ரொம்பப் பழைய கார் என்றால் தனி விதி. முன்பு 1950க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும் என்றிருந்தது, இப்போது 50 வயது ஆகியிருக்க வேண்டும் என்று மாற்றியிருக்கிறார்கள். மூன்றுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் உள்ளதற்கெல்லாம் வாசல் கிடையாது. ஐம்பது வயது தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்ய 20,000 ரூபாய், நம்பரில் ‘வி.ஏ.’ என்று வரும், அதில் தினமும் ஆபீஸ் போக முடியாது, கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, அவ்வளவுதான்.

மச்சானிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன், 47.5 லட்சம் வந்தபோதே அவன் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. லைன் கட்டாகிவிட்டதோ என்று “டேய், இருக்கியா?” என்றேன். “இருக்கேன் மச்சான், சும்மா கேட்டேன்” என்றான். பிறகு அவன் பெண்டாட்டி போனை வாங்கி, “அண்ணே, நான் அப்பவே சொன்னேன், உங்க மச்சான் கேக்கல” என்றாள். புதன்கிழமை வண்டியை அங்கேயே ஒரு வியாபாரியிடம் காட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவு படித்த பிறகும் கொண்டு வந்தே தீருவேன் என்கிறவர்கள் எனக்குக் கார் போட்டோ அனுப்ப வேண்டாம். தயாரித்த மாதமும் வருஷமும் போட்ட தாள் ஒன்று கம்பெனியிடமிருந்து வாங்கி, அதை அனுப்புங்கள். மற்றதை அதற்கப்புறம் பேசலாம், ஆனால் ராத்திரி பத்தரைக்கு வேண்டாம்.